குளித்து வந்த மல்லிகை: பெண்களுக்கான மலர் சென்ட் ஒன்றை வீட்டில் கலக்கும் முறை

‘ஃப்ரெஷ் ஃப்ளோரல்’ என்று கடையில் எடுத்து நீட்டும் பாட்டில்கள் பலவற்றில் எலுமிச்சை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கும். அடித்துப் பத்து நிமிடத்தில் எலுமிச்சை பறந்துவிடும். மிச்சம் இருப்பது கல்யாண மண்டபத்து மாலை வாசம். பூ புதிதாக இருக்க வேண்டுமானால் எலுமிச்சையைக் கூட்டிப் பயனில்லை. பூவுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும். தலைக்குக் குளித்து, கூந்தல் முழுசாகக் காயாத ஒரு பெண் இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு கடந்து போகிறாள் என்று வையுங்கள். ஈரம், லேசான சோப்பு, பச்சைக் காம்பு, பூ என்று எல்லாம் ஒன்றாக வந்து, எதுவும் மூக்கில் அடைக்காமல் போகிறது அல்லவா? அதைத்தான் 30 மில்லி பாட்டிலுக்குள் கொண்டுவரப் போகிறோம்.

முதலில் ஓர் ஆசையை விட்டுவிடுங்கள்: பூவை வாங்கி வந்து வீட்டில் சாறு எடுப்பது. மல்லிகை சூடு தாங்காது. தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெந்த கீரை வாசம்தான் வரும். தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டால் தலைக்குத் தேய்க்க நன்றாக இருக்கும், சென்ட் ஆகாது. ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி ‘அப்சல்யூட்’ பிரிக்கிறார்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பூ நூற்றுக்கணக்கான கிலோ போகும். விலை அதனால்தான் அப்படி. கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கம் விளையும் பூவில் இப்படி எடுத்த அப்சல்யூட் உலகச் சந்தைக்குப் போகிறது. நமக்கு வேண்டியது அதில் சில துளி.

வாங்கும்போது எந்த மல்லிகை என்று கேட்டு வாங்குங்கள். குண்டுமல்லிதான் ‘சம்பக்’ (sambac), செண்பகம் அல்ல. பச்சையும் தேயிலைச் சாயலும் கொஞ்சம் ஆரஞ்சுப் பூ வாசமும் கலந்தது. பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்வது ‘கிராண்டிஃப்ளோரம்’. பழ வாசம் கூடியது, கனமானது, சூடானது. இந்தக் கலவைக்குச் சம்பக் போதும்.

பெண்ணை முதலில் தீர்மானியுங்கள்

பொருளைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இதைப் போடுகிறவள் அறைக்குள் எப்படி நுழைவாள்? ‘இளமை’, ‘நளினம்’ என்று விளம்பரச் சொல் எழுதினால் கலக்கும்போது கை எங்கே போவதென்று தெரியாது. ‘காலை ஏழரை பஸ்ஸைப் பிடிப்பவள், பேச்சு வெடுக்கென்று இருக்கும்’ என்று எழுதினால் பச்சையும், பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் வாசமும் கூட வேண்டும் என்பது தானாகப் புரியும். ‘குறைவாகப் பேசுவாள், சேலை மடிப்பு கலையாது’ என்றால் மர வாசமும் மஸ்க் என்னும் கஸ்தூரி வாசமும். ‘தெரியாத குழந்தையும் மடியில் வந்து உட்காரும்’ என்றால் ரோஜாவும் வயலட்டும். கீழே வரும் அடிப்படைக் கலவை இந்த மூவருக்கும் பொது. யார் என்பது கடைசிச் சில சொட்டில் முடிவாகும்.

தட்டில் வைக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று. நகைக் கடைத் தராசு மாதிரி சின்னதாக ஆன்லைனில் கிடைக்கும். கண்ணாடிச் சொட்டுக்குழாய் பொருளுக்கு ஒன்று, 10 மில்லி அம்பர் பாட்டில் ஆறேழு, முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டைகள், லேபிள், நோட்டு. காகிதப் பட்டை கிடைக்காவிட்டால் கெட்டியான, வாசமில்லாத வரைதாளை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

சொட்டு எண்ணிக் கலக்காதீர்கள். பெர்கமாட் சொட்டு சின்னது, மஸ்க் சொட்டு பெரிது. அடுத்த முறை அதே வாசம் வராது. எல்லாமே கிராமில்தான். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் தராசை ஆன் செய்ய வேண்டும். காற்றில் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆல்கஹால் விஷயத்தில் சமரசம் கூடாது. சென்ட் தயாரிப்புக்கென்றே விற்கும் 95%க்கு மேற்பட்ட எத்தனால் வேண்டும், ‘பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்’ என்று கேளுங்கள். சானிடைசரில் தண்ணீர் கலந்திருப்பதால் கலவை பால் போலத் திரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஆஸ்பத்திரி வாசம் போகாது. பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம், தோலுக்கு ஆகவே ஆகாது. எத்தனால் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் சாமி விளக்கும் எரியாத அறையில் உட்காருங்கள்.

10 கிராம் அடிப்படைக் கலவை

பெர்கமாட் எண்ணெய், எஃப்.சி.எஃப் வகை: 0.80 கிராம்
லினலூல்: 0.60
லினலில் அசிடேட்: 0.50
சிஸ்-3-ஹெக்ஸெனோல், 10% கரைசல்: 0.15
ஹெடியோன்: 3.20
ஃபினைல் எத்தில் ஆல்கஹால்: 0.80
சிட்ரோனெல்லோல்: 0.40
ஹைட்ராக்ஸி சிட்ரோனெல்லால்: 0.40
பென்சைல் அசிடேட்: 0.30
சம்பக் மல்லிகை அப்சல்யூட், 10% கரைசல்: 0.50
பீட்டா அயனோன்: 0.10
ஐசோ ஈ சூப்பர்: 1.00
எத்திலீன் பிராசிலேட்: 0.65
கேலக்ஸோலைட், 50% கரைசல்: 0.60

10% கரைசல் என்றால் பொருள் 1 கிராம், ஆல்கஹால் 9 கிராம். கேலக்ஸோலைட் தேன் பாகு போல இருக்கும் என்பதால் பெரும்பாலும் 50%ஆகக் கரைத்தே விற்கிறார்கள். கெட்டியாகவே கிடைத்தால் 0.30 கிராம் எடுத்து, 0.30 கிராம் டைபுரொப்பிலீன் கிளைக்கால் என்ற வாசமில்லாத கரைப்பானோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு ஹெடியோன். தனியாகக் காகிதத்தில் தொட்டு முகர்ந்தால் ‘இதற்கா இவ்வளவு?’ என்று தோன்றும்: மெல்லிய மல்லிகை, எங்கோ ஒரு எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான். அதன் வேலை வேறு. பக்கத்தில் இருக்கும் பூக்களைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, நடுவில் இடம் விடும். 1966இல் எட்மோன் ருத்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்குச் செய்த ‘ஓ சவாஜ்’ என்னும் ஆண்கள் சென்டில்தான் இது பெயர் பெற்றது. இன்றைக்கு அது இல்லாத மலர் சென்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹெடியோனை 1.50ஆகக் குறைத்து ஒரு முறை கலந்து பாருங்கள். அதே பூக்கள், ஆனால் ஜன்னல் மூடிய அறை மாதிரி இருக்கும்.

ஃபினைல் எத்தில் ஆல்கஹால் நம் ஊர்ப் பன்னீர்ச் செம்பு வாசம். சிட்ரோனெல்லோல் அதற்கு ரோஜா இதழின் பச்சை விளிம்பைத் தரும். இங்கே ஒரு எழுத்தில் பெரிய விபத்து காத்திருக்கிறது: சிட்ரோனெல்லோல் வேறு, சிட்ரோனெல்லால் வேறு. இரண்டாவது கொசு விரட்டும் எண்ணெயின் வாசம். தவறி ஊற்றினால் பத்து கிராமும் போச்சு. ஹைட்ராக்ஸி சிட்ரோனெல்லால் மூன்றாவது ஆள், அது நமக்கு வேண்டியதுதான். பள்ளத்தாக்கு லில்லி என்று ஒரு குட்டி வெள்ளைப் பூ ஐரோப்பாவில் உண்டு. அதிலிருந்து சென்டுக்கு ஆகும் எண்ணெய் எடுக்க வருவதில்லை. வாசத்தைக் கட்டித்தான் எழுப்ப வேண்டும், அந்தக் கட்டடத்துக்கு இதுதான் செங்கல். ஈரமும் சோப்பும் நம் கலவைக்கு வருவது இதனால். பழைய பார்முலாக்களில் இந்த இடத்தில் லிலியால், லைரால் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையானவை, லிலியாலுக்குத் தடை 2022 மார்ச் முதல். அந்தப் பார்முலாக்களை அப்படியே எடுத்தாளாதீர்கள்.

பெர்கமாட்டில் ‘எஃப்.சி.எஃப்’ என்று வலியுறுத்தக் காரணம் நம் வெயில். பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் சாதாரண பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கறுத்துப்போகும், சிலருக்குக் கொப்புளம் வரும். எஃப்.சி.எஃப் வகையில் அதை நீக்கியிருப்பார்கள்.

கலக்கும் வரிசை

காலி பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கனமானவை முதலில்: எத்திலீன் பிராசிலேட், கேலக்ஸோலைட், ஐசோ ஈ சூப்பர். பிறகு ஹெடியோனும் பட்டியலில் மீதியுள்ளவையும். ஹெக்ஸெனோலும் பெர்கமாட்டும் கடைசியில், ஏனென்றால் திறந்த பாட்டிலிலிருந்து முதலில் கிளம்பிப் போகிறவை அவைதான். ஒவ்வொன்றையும் ஊற்றியதும் எழுதிவிட்டு மறுபடி பூஜ்யம். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏழாவது பொருளில் குழம்பும். சொட்டுக்குழாயை வேறு பொருளில் நுழைக்கவே கூடாது.

கை தவறி ஒன்று அதிகம் விழுந்துவிட்டால் உறிஞ்சி எடுக்க முயலாதீர்கள், எடுப்பது எல்லாப் பொருளையும்தான். 0.40க்குப் பதில் 0.44 என்றால் மற்ற எல்லாவற்றையும் 1.1ஆல் பெருக்கி 11 கிராம் கலவையாக மாற்றுங்கள். பென்சைல் அசிடேட், பீட்டா அயனோன், ஹெக்ஸெனோல் மூன்றில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஹெடியோன் 0.05 கூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூடி, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி, இருட்டான அலமாரியில் ஒரு வாரம் விடுங்கள். முதல் நாள் முகர்ந்தால் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். அதைக் கேட்டு மாற்ற ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

மூன்று பெண்கள்

ஒரு வாரம் கழித்து அடிப்படைக் கலவையிலிருந்து 2 கிராம் வீதம் மூன்று சிறு பாட்டிலில் எடுங்கள். மீதி 4 கிராம் அப்படியே இருக்கட்டும்.

வெடுக்கென்று பேசுகிறவளுக்கு: ஹெக்ஸெனோல் 10% கரைசல் 0.03 கிராம், பெர்கமாட் 0.10 கிராம். ஹெக்ஸெனோல் என்பது புல் வெட்டும்போது கிளம்பும் வாசம், அப்பட்டமாக அதேதான். இந்த 0.03இல் அது இரட்டிப்பாகிவிடுகிறது. முதல் ஐந்து நிமிடம் ஆள் உள்ளே வந்த வேகம் தெரியும். இன்னும் ஒரு 0.03 சேர்த்தால் பூ போய்த் தோட்டக்காரர் வந்து நிற்பார்.

கனிவானவளுக்கு: ஃபினைல் எத்தில் ஆல்கஹால் 0.10, பீட்டா அயனோன் 10% கரைசல் 0.10. அயனோன் வயலட் பூவும் முகப் பவுடரும் சேர்ந்த வாசம். பிறவியிலேயே இந்த வாசம் சரியாகப் பிடிபடாதவர்கள் உண்டு. உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் வீட்டில் இன்னொருவர் மூக்கைக் கடன் வாங்குங்கள்.

குறைவாகப் பேசுகிறவளுக்கு: மர வாசத்துக்கு ஐசோ ஈ சூப்பர் 0.20, மஸ்க்குக்கு எத்திலீன் பிராசிலேட் 0.10. மேலே எதுவும் கூட்ட வேண்டாம். இந்தச் சென்ட் போட்டவளுக்கே அரை மணியில் மறந்துபோகும். அவள் எழுந்து போன நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரியும். மூன்றில் நல்ல வேலைப்பாடு உள்ளது இதுதான் என்பது எங்கள் எண்ணம், பாட்டிலைத் திறந்ததும் அசத்தாது என்றாலும்.

மல்லிகை அப்சல்யூட்டைக் கூட்டி நான்காவது ஒருத்தியைச் செய்ய எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். செய்யலாம், ஆனால் அவள் காலைப் பெண்ணாக இருக்க மாட்டாள். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பூவுக்கு உயிர், கூடினால் பாச்சை உருண்டையும் வாடின சரமும். ராத்திரி முழுக்கத் தலையில் இருந்த பூவைக் காலையில் எடுக்கும்போது வரும் வாசம் நினைவிருக்கும். அந்தப் பக்கம் அது இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றையும் கலவையாக அப்படியே முகரக் கூடாது. ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் எடுத்து 0.85 கிராம் ஆல்கஹாலில் கரைத்து, காகிதப் பட்டையின் நுனியை ஒரு சென்டிமீட்டர் நனையுங்கள். ஆல்கஹால் காய அரை நிமிடம் விட்டு, மூக்கில் ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளிப் பிடித்து முகருங்கள். பெயரும் நேரமும் பட்டையிலேயே எழுதுங்கள். உடனே, 10 நிமிடத்தில், 1 மணியில், 4 மணியில் என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கு பட்டைக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். கடைகளில் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். அதைவிட வாசலுக்குப் போய்ச் சும்மா நிற்பது நல்லது.

பாட்டிலில் நிரப்புதல்

பிடித்த பெண்ணைத் தேர்ந்துவிட்டீர்களா? ஒதுக்கிவைத்த 4 கிராமில் மேலே சொன்ன சேர்க்கையை இரண்டு மடங்காகச் சேருங்கள். அந்தக் கலவையில் 3.75 கிராம், ஆல்கஹால் 21.25 கிராம். மொத்தம் 25 கிராம், எடையில் 15% செறிவு. ஆல்கஹால் இலேசானது என்பதால் ஏறக்குறைய 30 மில்லி நிரம்பும். ஓ டி பர்ஃபாம் என்று கடையில் விற்பது இந்தச் செறிவுக்கு அருகில்தான். 20% போட்டால் நீடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் நீடிக்கும், ஆனால் காற்றோட்டம் போய் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் 12%கூடப் போதும்.

மூன்று வாரம் இருட்டில் வையுங்கள். வாரம் ஒரு தடவை திறந்து ஒரு பட்டை நனைத்தால் போதும்; முதல் வாரம் முனையில் குத்தும் ஆல்கஹால் இரண்டாம் வாரம் அடங்கியிருப்பது தெரியும். பிறகு இறுக மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள். அப்சல்யூட்டில் மிச்சமிருக்கும் பூ மெழுகு, குளிரில் புகை போலத் திரண்டு அடியில் இறங்கும். சில்லென்று இருக்கும்போதே காப்பி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டி, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள்.

தோலில் போடுமுன் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தத் தோலுக்கு இந்தக் கலவை வேண்டாம். லினலூல், சிட்ரோனெல்லோல், ஹைட்ராக்ஸி சிட்ரோனெல்லால் எல்லாம் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. யாருக்காவது கொடுப்பதானால் பொருள் பட்டியலையும் கூடவே கொடுங்கள். விற்க நினைத்தால் கதை வேறு: அழகுசாதன உற்பத்தி உரிமமும், இஃப்ரா என்னும் பன்னாட்டு நறுமணப் பொருள் அமைப்பின் வரம்புகளுக்குப் பொருளுக்குப் பொருள் கணக்கும் வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்

நெயில் பாலிஷும் வாழைப்பழமும் சேர்ந்த வாசம் வந்தால் பென்சைல் அசிடேட் கூடிவிட்டது. ஹெடியோனைக் கூட்டி ஓரளவு ஆற்றலாம். 0.50 கிராமைத் தாண்டியிருந்தால் புதிதாகத் தொடங்குங்கள்.

துணி துவைக்கும் சோப்பு போல இருந்தால் லினலில் அசிடேட்டும் கேலக்ஸோலைட்டும் சேர்ந்து செய்கிற வேலை. அடுத்த தடவை இரண்டிலும் 0.20 குறைத்து, அந்த 0.40ஐ ஹெடியோனுக்குக் கொடுங்கள்.

கலங்கினால் ஆல்கஹாலில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல ஆல்கஹால் 2 கிராம் சேர்த்துப் பாருங்கள், தெளியாவிட்டால் குளிரவைத்து வடிகட்டலாம். வாசம் கொஞ்சம் போகும்.

முதல் மூச்சிலேயே டர்பன்டைன் அடித்தால் பெர்கமாட் பழசு. சிட்ரஸ் எண்ணெய்கள் காற்றுப் பட்டால் கெடும். சிறு பாட்டிலாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வருடத்தில் தீர்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்ற புகாரில் பாதி உண்மையில்லை. மஸ்க் மூலக்கூறுகள் பெரியவை, சில மூக்குக்குக் கேலக்ஸோலைட் எட்டவே எட்டாது. எத்திலீன் பிராசிலேட்டையும் பட்டியலில் சேர்த்தது இதற்காகத்தான். ஒன்று எட்டாத மூக்குக்கு மற்றது எட்டும்.

சில மாதத்தில் மஞ்சள் கூடினால் பயப்பட வேண்டாம். அப்சல்யூட்டின் நிறமும், அதிலுள்ள சில பொருள்கள் ஹைட்ராக்ஸி சிட்ரோனெல்லாலோடு சேர்வதும்தான் காரணம். வாசம் கெடாது, வெள்ளை ரவிக்கை கெடும்.

போடும் விதம்

குளித்து ஈரம் துடைத்ததும், உடுத்துவதற்கு முன். கழுத்துப் பக்கம் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. மணிக்கட்டில் அடித்துத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் முதலில் ஓடுவது ஹெக்ஸெனோல்தான். வறண்ட தோலில் நிற்காது, வாசமில்லாத கிரீமோ ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தடவி அதன் மேல் அடித்தால் நிற்கும். பட்டுச் சேலை மேல் நேராக அடிக்கக் கூடாது, கறை விழும், ஜரிகையும் மங்கலாம்.

தலையில் நிஜப் பூ வைக்கிற நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் முட்டிக்குப் பின்னால். பூவுக்கும் சென்டுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கும். கழுத்தில் அடித்தால் நிஜப் பூவுக்குப் பக்கத்தில் பாட்டில் மல்லிகை பொய் சொல்வது சட்டென்று தெரிந்துவிடும்.